தண்ணிகூடப் படக்கூடாது

பெட்டியைக் கீழே வைக்காதீங்க தங்கச்சி. கையிலேயே இருக்கட்டும். மூளை கிடையாது.

இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது. காலையில் அறுத்த தலை, அதோ சாக்கின் மேல் கிடக்கிறது பாருங்க, மூளை அதற்குள்தான் இருக்கும், வேறெங்கே போகும்? ஆனால் உங்களுக்குக் கிடையாது. இந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற யாருக்கும் கிடையாது. கடையில் எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டீங்களா? 'தலை அவ பாடு, பின்னாடி போய்க் கேளுங்க' என்றிருப்பார். வம்பு வருகிறது என்றால் பின்பக்கம் தள்ளிவிடுவார். எனக்குத் தெரியாதா அவரை?

போகச் சொல்லவில்லை. உட்காருங்க. அந்த டின்னைக் கவிழ்த்துப் போட்டு இந்தப் பக்கம் உட்காருங்க, அந்தப் பக்கம் புகை வரும். வந்த பிள்ளையை நிற்க வைத்துத் திட்டினாள் என்று வேண்டாம். எனக்கு இருக்கிற பேர் போதும்.

எனக்கு வெளியாட்களிடம் பேச்சே வராது தங்கச்சி. கல்யாணமாகி வந்த புதிதில் ஊமைப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் தவசி என்றுதான் இந்தத் தெருவில் பேச்சு. கடை முன்னால் நின்று ஒரு கால் கிலோகூட நான் நிறுத்துப் போட்டதில்லை. இந்தத் தகரக் கொட்டகை, இந்தத் தீ, தலை, கால், குடல், தொட்டிலில் என் பிள்ளை, அவ்வளவுதான் பாண்டீஸ்வரி. இன்றைக்கு என்னவோ வாய் திறக்கிறது. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் திறக்கிறது.

மாதங்கி அனுப்பியதா உங்களை? வேண்டாம், சொல்லாதீங்க. நான் கேட்கவில்லை.

அங்கே லேபில் ஹெல்ப்பர் வேலைக்கு ஆள் போட்டாச்சா? சும்மா கேட்டேன். போட்டால் எனக்கென்ன, போடாவிட்டால் எனக்கென்ன. அதை விடுங்க.

மாதங்கி முதல்முதலாக வந்தது போன ஆடியில். கடை முன்னால் இப்படித்தான் பெட்டியோடு நின்று, 'அண்ணே, ஆட்டு மூளை வேணும், சூடா' என்று கேட்டிருக்கிறது. 'சூடா வேணும்னா எதுத்தாப்புல ஓட்டலுக்குப் போம்மா' என்றிருக்கிறார் இவர். அறுத்த சூட்டோடு வேண்டுமாம். தலையைத் தீயில் வாட்டக் கூடாதாம். பச்சைத் தலையைப் பிளந்து, மூளையை உடையாமல் எடுத்து, அப்படியே ஐஸில் வைக்க வேண்டுமாம். 'மூளை இல்லாத தலையை அப்பறம் எவம்மா வாங்குவான்?' என்று கேட்டுவிட்டு, இவரே பதிலும் சொல்லிக்கொண்டார்: 'சரி, வாங்குறவனுக்கு மூளை இருந்தாத்தான அதைக் கவனிப்பான்.' அப்படித்தான் அந்தப் பிள்ளை பின்பக்கம் வந்தது.

வந்த நாளே சொன்னது. 'அக்கா, எதுவும் படக்கூடாதுக்கா. தண்ணிகூடப் படக்கூடாது.' நான் தலையை ஆட்டினேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்லும், நானும் ஆட்டுவேன். நீங்களே சொல்லுங்க, ஒரு வீட்டுக்குப் போனால் நாம் என்ன சொல்வோம்? 'ஒண்ணும் வேணாம்க்கா, இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்' என்போம். அதற்காக அந்த வீட்டுக்காரி சும்மா அனுப்பிவிடுவாளா? அனுப்பினால் வெளியே வந்து அவளை என்ன பேசுவோம்? நல்ல பிள்ளை, சிரமம் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். தப்பா?

முதலில் எல்லாம் அது கூடவே உட்கார்ந்திருக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே டின்தான். மிதுனாவை மடியில் வைத்துக்கொள்ளும். மிதுனா என் மகள். நான் மண்டையை உடைத்து எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கும். நான் பேச மாட்டேன், அதுவே பேசும். பேசிப் பேசி என்னையும் பேச வைத்துவிட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம். பேசாமல் இருந்தவள் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

ஒருநாள் கேட்டேன், இதைக் கொண்டுபோய் என்னத்தச் செய்றீங்க என்று. 'அக்கா, நமக்குச் சந்தோசம் வருதுல்ல, கை கால் நம்ம சொன்னபடி அசையுதுல்ல, அதுக்கெல்லாம் மூளைக்குள்ள ஒண்ணு ஊறுது. டோபமைன்னு பேரு. சும்மா ஊறினாப் போதாது, அது போய் உக்கார இடம் வேணும். அந்த இடந்தான் ரிசப்டர்' என்றது.

'நாற்காலி மாதிரியா?' என்று கேட்டேன்.

'நாற்காலியேதான்க்கா!' என்று மிதுனாவின் கையைப் பிடித்துத் தட்டியது.

அந்த நாற்காலி கண்ணுக்குத் தெரியாதாம். அதைக் காட்டிக் கொடுக்க ஒரு மருந்து இருக்கிறதாம், ஆன்டிபாடி என்று. முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் இருந்து எடுப்பதாம். மூளையைச் சீவல் மாதிரி மெல்லிசாகச் சீவி அதன் மேல் அந்த மருந்தை விட்டால், வேறு எதையும் தொடாமல் நேராகப் போய் அந்த நாற்காலியை மட்டும் கட்டிப் பிடித்துக்கொள்ளுமாம். அதன் முதுகில் இவர்கள் ஒரு வெளிச்சத்தை ஒட்டிவிடுவார்கள். இருட்டில் மிஷினில் வைத்துப் பார்த்தால், நாற்காலி இருக்கிற இடம் மட்டும் பச்சையாக மின்னும். உங்களுக்குத் தெரிந்ததுதான், நான் என்னத்தைச் சொல்லிக்கொண்டு.

ஆனால் கம்பெனிக்காரன் விற்கிற மருந்தெல்லாம் நல்ல மருந்து இல்லையாம். சிலது பொய் சொல்லுமாம். நாற்காலியே இல்லாத இடத்திலும் போய் ஒட்டிக்கொண்டு, இங்கே இருக்கு, இங்கே இருக்கு என்று மின்னுமாம். எந்த மருந்து மெய் சொல்கிறது, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அதன் படிப்பே. 'இதுக்கா இம்புட்டு வருசம் படிக்கிறீங்க?' என்றேன். 'எங்கப்பாவும் போன் பண்ணும்போதெல்லாம் இதைத்தான்க்கா கேக்குறாரு' என்றது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது சிரித்தது வேறு சிரிப்பு.

சத்தம் கேட்கிறதா? தொட்டிலில். பயப்படாதீங்க, அவளுக்கு இளைப்பு. மூச்சு விடும்போது உள்ளே விசில் அடிக்கிற மாதிரி வரும். மழைக்காலத்தில் இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்துக் கூட்டிவந்தோம். டாக்டரம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: 'பிள்ளைக்குப் புகை ஆகாது.' இதை வந்து சொன்னால் எங்கள் மாமியார், 'தலை வாட்டுற வீட்டுல பொறந்த பிள்ளைக்குப் புகை ஆகாதாமா? மீனுக்குத் தண்ணி ஆகாதும்பா போல டாக்டரு' என்கிறார். தலையை வாட்டினால் புகை வரும். வாட்டாவிட்டால் கடை ஓடாது. தொட்டிலை வீட்டுக்குள் கட்டலாம் என்றால், பார்த்துக்கொள்ள யார்?

இதை ஒருநாள் மாதங்கியிடம் சொல்லி அழுதேன். நான் அழுத ஒரே வெளியாள் அதுதான். அப்போதுதான் சொன்னது, 'அக்கா, எங்க லேபுல ஹெல்ப்பர் ஆளு வேணும். பீக்கர், பாட்டில் எல்லாம் கழுவி வைக்கிற வேலை. காம்பவுண்டுக்குள்ளயே பால்வாடி இருக்கு, மிதுனாவை அங்க விட்டுறலாம். மேடத்துக்கிட்டக் கேக்கவா?'

கழுவுகிற வேலை! தங்கச்சி, நான் பிறந்ததில் இருந்து வேறு என்ன செய்கிறேன்? புகை இல்லாத கழுவுகிற வேலை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோசத்தில் இறங்கவில்லை. அந்த டோபமைன் அன்றைக்கு எனக்குத் தலை நிறைய ஊறியிருக்கும்.

அடுத்த தடவை வந்தபோது, மேடம் என்ன சொன்னாங்க என்று கேட்டேன். கேட்கவே நாக்குக் கூசியது. அது சிரித்துக்கொண்டே, 'யோசிக்கிறேன்னு சொன்னாங்கக்கா. கறிக்கடைன்னதும், ஆளு சுத்தமா இருப்பாங்களான்னு கேட்டாங்க' என்றது.

சுத்தமாக இருப்பாங்களா.

அது சிரித்துக்கொண்டு சொன்னது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள்ளே மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. இந்தத் தெருவில் வந்து கேட்கச் சொல்லுங்க அந்தம்மாவை. பிள்ளை பெற்றவளுக்கு மூளை வேண்டும் என்றால் யார் கையில் வாங்குகிறார்கள்? எல்லாக் கடையிலும் மூளையை ரத்தத்தோடு, ஜவ்வோடு, ஒரு பாலிதீன் பையில் சுருட்டிக் கொடுப்பான். நான் அப்படிக் கொடுத்ததில்லை. மஞ்சளும் கல் உப்பும் கலந்த தண்ணீரில் மிதக்க விட்டு, மேலே இருக்கிற ஜவ்வையும் ரத்த நரம்பையும் நகம் படாமல் உரித்தெடுத்து, மறுபடி மஞ்சள் தண்ணீரில் ஊறப் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி எடுத்தால் பிச்சிப்பூ மாதிரி இருக்கும். மஞ்சள் போட்டதே தெரியாது. தெரிந்தால் கை திருந்தவில்லை என்று அர்த்தம்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி அந்த மேடத்துக்குப் போகிற மூளை அப்படித்தான் போக வேண்டும். கையைப் பார்க்காவிட்டாலும் கை வேலையைப் பார்க்கட்டும்.

அதற்குள் மாதங்கிக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. கூட உட்காருவதில்லை. 'நீங்க எடுத்து ஐஸ்ல வச்சிருங்கக்கா, நான் கிளாஸ் முடிச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்' என்று பெட்டியைக் காலையிலேயே வைத்துவிட்டுப் போய்விடும். நான் விளக்கி வைத்த பாத்திரத்தில், வீட்டுக்கு வாங்கின விரலி மஞ்சளை நானே இடித்துப் போட்டு ஊற வைப்பேன். கடை மஞ்சள்தூள்கூட இல்லை. என் பிள்ளைக்குப் பூசுகிற மஞ்சள்.

சொன்னேனா அதனிடம்? சொல்லவில்லை. செய்கிறதை எல்லாம் சொல்லிக் காட்டுவார்களா? சாப்பாடு போடுகிறவள், அரிசியில் கல் பொறுக்கினேன் என்று சொல்லிக்கொண்டா போடுவாள்?

பிறகு பாருங்க, அந்தப் பிள்ளைக்கு வந்த சந்தோசத்தை. ஓடி வருகிறது, செருப்பைக்கூடக் கழற்றாமல். 'அக்கா! மின்னுதுக்கா! எல்லா இடத்துலயும் மின்னுது!' போனில் படம் காட்டியது. கறுப்பில் பச்சைப் பச்சையாக, கார்த்திகைக்கு ஊரே விளக்கு வைத்த மாதிரி. இத்தனை நாள் அங்கொன்று இங்கொன்று என்று மினுக்கிய மருந்து, இப்போது கொட்டுகிறதாம். மேடம் லேபில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாராம். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. வெளிநாட்டில் ஏதோ கூட்டத்துக்கு எழுதிப் போட்டார்களாம். 'உங்க கை ராசிக்கா' என்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது தங்கச்சி, தலை வெட்டின கையை.

'மேடம் வேலையைப் பத்தி...' என்று இழுத்தேன்.

'இந்தச் செமினார் முடியட்டும்க்கா. மேடம் இருக்குற சந்தோசத்துக்கு உங்களை டைரக்டராவே போட்டுருவாங்க' என்றது.

செமினாரில் என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். வெளியூரில் இருந்து ஒரு பெரியவர் வந்திருக்கிறார். படத்தை எல்லாம் பார்த்துவிட்டு, 'மருந்து போடாத மூளைத் துண்டைக் காட்டு' என்றிருக்கிறார். இந்தப் பிள்ளை பழைய துண்டைக் காட்டியிருக்கிறது, என்னோடு உட்கார்ந்திருந்த காலத்துத் துண்டு. அது இருட்டாக இருந்தது. 'அது பழைய மூளை. இதே மூளையில மருந்து போடாததைக் காட்டு' என்றிருக்கிறார். போய் எடுத்து வைத்துப் பார்த்தால் அதுவும் மின்னுகிறது. மருந்தே போடவில்லை, மின்னுகிறது. அத்தனை பேர் முன்னால்.

சரி, மின்னினால் மின்னிவிட்டுப் போகிறது. அதற்கு என்ன இப்போது? மருந்துப் பாட்டிலை மாற்றினார்களாம், மிஷின்காரனைக் கூப்பிட்டார்களாம், கம்பெனிக்காரனோடு சண்டையாம். எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார்கள். மாதங்கிகூட வரவில்லை. போன் வந்தது, எங்கள் வீட்டுக்காரருக்கு. 'உங்க வொய்ஃபை லேபுக்கு வரச் சொல்றாங்க மேடம்' என்று யாரோ ஒரு பையன்.

வரச் சொல்கிறார்கள் என்றால் நான் என்ன நினைப்பேன்? நீங்களே சொல்லுங்க.

தலைக்குக் குளித்தேன். வளைகாப்புக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டினேன். மிதுனாவுக்குக் கவுன் போட்டு, பால்வாடி பார்க்கப் போறோம்டி என்று சொல்லி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். இவர் வண்டியில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டு, 'இன்னிக்கே சேரச் சொன்னா சேந்துரு. தலையை நான் பாத்துக்கறேன்' என்றார். அந்த மனுசன் வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறேன். எல்லாரும் நிற்கிறார்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு. உட்காரச் சொல்லவில்லை. அந்தம்மா கேட்கிறார், 'மூளையில என்ன கலக்குறீங்க?'

கலக்குறீங்களா! பாலில் தண்ணீர் கலக்கிறவளிடம் கேட்கிற மாதிரி.

'ஒண்ணும் கலக்கலம்மா' என்றேன். 'அப்ப எப்படி எடுத்து வைக்கிறீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க' என்றார். சொன்னேன். மஞ்சள் என்று சொன்னேன். சொன்னதும் ஒருத்தன் சிரித்தான். மஞ்சளும் அந்த மிஷின் வெளிச்சத்தில் பச்சையாக மின்னுமாமே? அது எனக்கு எப்படித் தெரியும்? என் அடுப்படியில் மின்னியதே இல்லை. ஒருத்தன் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். 'இஞ்சி பூண்டு பேஸ்ட்டு போடலையாக்கா?' என்கிறான் ஒருத்தன். 'மிளகு தட்டிப் போட்டிருந்தா இன்னும் நல்லா மின்னியிருக்கும்' என்கிறாள் ஒருத்தி. அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, 'யாரு உங்களைக் கழுவச் சொன்னா?' என்றார்.

யார் சொல்ல வேண்டும் தங்கச்சி? கழுவ ஒருத்தர் சொல்ல வேண்டுமா? சுத்தமாக இருப்பாளா என்று கேட்டதும் இதே வாய். சுத்தம் செய்தால், யார் சொன்னார் என்று கேட்பதும் இதே வாய். என் மஞ்சள் பொய் சொல்லிவிட்டது என்கிறார்கள். மஞ்சள் பொய் சொல்லுமா? எத்தனை கல்யாணம், எத்தனை பிள்ளைப்பேறு அதை வைத்து நடந்திருக்கிறது!

அதெல்லாம் கூடப் பொறுப்பேன். மாதங்கியைப் பார்த்தேன். அது ஒரு வார்த்தை சொல்லும் என்று பார்த்தேன். மேசையைப் பார்த்துக் குனிந்து நிற்கிறது. முகத்தைக் காட்டவில்லை. தோள் குலுங்குகிறது. அதுவும் சிரிக்கிறது! என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்ட பிள்ளை. சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறது. அம்புட்டுச் சிரிப்பு.

நான் வந்துவிட்டேன். வெயிலில் கேட் வரைக்கும் நடந்தே வந்தேன். செருப்பு எங்கே விட்டேன் என்றுகூட நினைவில்லை. மிதுனா, 'பால்வாடி எங்கம்மா, பால்வாடி எங்கம்மா' என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு வாரம் போனதும் மாதங்கி வந்தது. வாசலில் நின்று, 'அக்கா, தப்பு என்னுதுதான். ஏன் கழுவக்கூடாதுன்னு நான் உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கணும்' என்றது. கேட்டீங்களா அதை? எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமாம். நான் என்ன மக்குப் பிள்ளையா? நாற்காலி என்று அதற்கு எடுத்துக் கொடுத்ததே நான். தகரக் கதவைச் சாத்திவிட்டேன். வெளியே கொஞ்ச நேரம் நின்றது. நின்றால் நிற்கட்டும் என்று உள்ளே தலையை வாட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரவில்லை. இத்தனை நாள் பழகின பிள்ளைக்கு, இன்னொரு தரம் வந்து கதவைத் தட்டக் கை வரவில்லை பாருங்க. இதற்குப் பேர் படிப்பு.

என்னது?

அழுததா? யார், மாதங்கியா? அன்றைக்கா?

நீங்கள் அங்கே இருந்தீங்களா? சிரித்தீங்களா நீங்களும்? சரி, சரி, கேட்கவில்லை.

எதற்கு அழ வேண்டும்? எல்லாத் துண்டையும் குப்பையில் போட்டுவிட்டார்களா? வெளிநாட்டுக்கு எழுதினதை வேண்டாம் என்று திருப்பி எழுதிவிட்டதா? அதற்கு என்ன இப்போது, ஆட்டுக்கா பஞ்சம்? இன்னொரு தலை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே. என்ன, முதலில் இருந்தா? ஒரு வருசப் பாடா? நிஜமாகவா?

அழுததோ சிரித்ததோ. எனக்குத் தெரியாது. தோள் குலுங்கியதைத்தான் பார்த்தேன். இரண்டுக்கும் தோள் ஒரே மாதிரிதானே குலுங்குகிறது.

அது என்ன பெட்டிக்குள் கவர்? வேறு கடையில் வாங்கினதா? திறங்க, பார்ப்போம்.

அடப்பாவி. இதையா மூளை என்று கொடுத்தான்? கூழாக்கி வைத்திருக்கிறானே! பின் மண்டையில் கத்தியைப் போட்டிருக்கிறான், ஓடு உள்ளே குத்தி இரண்டு பாதியும் கிழிந்து கிடக்கிறது. எந்தக் கடை? சொல்லாதீங்க, தெரியும். எப்போது அறுத்ததோ, சூடே இல்லை. ஐஸில் வைத்ததால் சில்லென்று இருக்கிறது என்கிறீங்களா? போங்க தங்கச்சி, செத்த சில்லுக்கும் ஐஸ் சில்லுக்கும் எனக்குத் தெரியாதா? இதை வைத்துக்கொண்டா அந்தப் பிள்ளை இத்தனை நாளும் அல்லாடுகிறது? இதில் எந்த நாற்காலியைத் தேடும்? நாற்காலியெல்லாம் உடைந்து கிடக்கிறது.

மிதுனா, இருடா, வர்றேன். இருமுறா பாருங்க. தொட்டிலைக் கொஞ்சம் ஆட்டிவிடுங்க. கயிற்றைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் போதும்.

ஹெல்ப்பர் வேலைக்கு ஆள் போட்டாச்சா, இல்லையா? கேட்டேனே, நீங்கள் பதிலே சொல்லவில்லை.

இல்லையா.

மேடம் என்ன சொல்கிறார்? 'சுத்தமான ஆளு'தானே வேண்டும் அவருக்கு? இல்லையா? வேறு என்ன வேண்டுமாம்?

சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆளா.

ம்.

தள்ளிக்கொள்ளுங்க, எலும்பு தெறிக்கும். இந்தா, இப்படி நெற்றிப்பக்கம் ஒரு தட்டு. ஓங்கக் கூடாது, தட்ட வேண்டும். அவ்வளவுதான், திறந்துகொண்டது. பார்த்தீங்களா, ஒரு கீறல் இல்லை. கையை ஏந்துகிற மாதிரி அடியில் கொடுத்தால் தானாக வந்து உட்காரும். இன்னும் சூடு இருக்கிறது.

இல்லை, இல்லை, கத்தாதீங்க! தண்ணித் தொட்டியில் முக்கவில்லை. கைதான் போகிறது. பழகின கை, அதுபாட்டுக்குத் தண்ணீர்ப் பக்கம் போகிறது. பாருங்க, மேலேயே நிறுத்திவிட்டேன். ஒரு சொட்டுப் படவில்லை. இந்தக் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்களேன்.

ஐயோ, ஜவ்வோடு இருக்கிறது. ரத்தம் இருக்கிறது பாருங்க, அந்த மடிப்பில். எச்சில் தட்டில் சோறு போட்டுக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. இப்படியேவா? நிஜமாக இப்படியேவா வேண்டும்?

சரி. வைத்தாச்சு. மூடுங்க, சீக்கிரம் மூடுங்க, என்னால் பார்க்க முடியவில்லை.

கொண்டுபோய் மாதங்கியிடம் கொடுங்க. மேடத்திடமும் சொல்லுங்க, சிரித்தார்களே அத்தனை பேர், அவர்களிடமும் சொல்லுங்க. சொன்னதைச் சொன்னபடி செய்தாள், தண்ணிகூடப் படவில்லை என்று உரக்கச் சொல்லுங்க.

கடைப் பக்கமாகப் போகாதீங்க தங்கச்சி. எங்கள் மாமியார் அங்கே உட்கார்ந்திருப்பார், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார். இந்தச் சந்து வழியே போயிருங்க. கழுவாமல் கொடுத்தேன் என்று மட்டும் இந்தத் தெருவில் ஒருத்தரிடமும் சொல்லிவிடாதீங்க.